புங்க மரத்துக்கு அம்மை போட்ட விவரம்

விளாங்குடி, மதுரை.
செவ்வாய்க்கிழமை, அப்பா குறட்டை விடும் மதிய நேரம்.

என் காதுகுத்துக்கு மடி கொடுத்தவரும், அந்த மடியிலேயே நான் கடித்து வைத்த பிறகும் இன்றுவரை என்னை மருமகள் என்றே அழைத்து வருபவரும், விவசாயப் பட்டம் பெற்று ஓசூர் விதைக் கம்பெனியில் பெரிய பொறுப்பு வகிப்பவருமான அருள்பாண்டி மாமா அவர்களின் சமூகத்துக்கு, மருமகள் ஆர்த்திகா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான் ஆகிய மூவரும் சுகம். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் புங்க மரத்துக்கு மட்டும் சுகமில்லை. அங்கே தங்கள் சுகத்தையும், குடும்ப நன்மைக்காக ஒரு பொய் சொல்லத் தாங்கள் தயாரா என்பதையும் அறிய ஆசைப்படுகிறேன்.

போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுவானேன் என்று தாங்கள் திகைக்கலாம். என் போன் அப்பாவின் பீரோவுக்குள் சிறையில் இருக்கிறது. குடும்ப குரூப்புக்கு ‘ஜெயக்கொடி பறக்குது’ என்று பெயர் மாற்றியது ஒரு குற்றமா மாமா? அப்பா பேரும் ஜெயக்கொடி, அன்றைக்கு அவர் கோபத்தில் பறந்ததும் உண்மை. அம்மா போனில் பேசலாம் என்றால், அது எப்பவும் ஸ்பீக்கரில்தான் பேசும். ரகசியம் பேசி முடிக்கும் முன்னால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்.

விஷயத்துக்கு வாரேன். போன மாசம் புங்க இலை பூராவும் சின்னச் சின்னதாப் புடைச்சுக்கிட்டு வந்துச்சு. தடவினா காஞ்ச ஜவ்வரிசி வடகம் மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு. இந்த வீட்டுல கடிக்கிறது என் ஜோக்கு மட்டும்தான்னு நெனச்சிருந்தேன், இலையவும் என்னமோ கடிச்சிருக்கு. பக்கத்து வீட்டு ராதாகிருஷ்ணன் சார் இருக்காரே, ரிட்டயர் ஆனதுல இருந்து போனும் கையுமா அலையுறவரு, அவரு ஓடி வந்து இலையப் படம் புடிச்சு, செடிக்கு நோய் சொல்ற ஆப்புல போட்டாரு. அது, ‘காப்பிச் செடி, துரு நோய்’னுச்சு. ரெண்டாவது படத்துல அப்பாவோட பெருவிரலும் சேந்து விழுந்துருச்சு. அதுக்கு, ‘கிழங்கு அழுகல், முத்திய நிலை’ன்னுச்சு. அப்பா அன்னிக்குப் பூரா விரல மோந்து மோந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. சாயங்காலம், “சீக்கு மரம் வீட்டுக்கு ஆகாது, வெட்டிருவோம்”னாரு. மரத்துக்கு வச்ச மொத ஆப்பு அந்த ஆப்புதான் மாமா.

மரம் போனா அம்மாவோட தையல் வகுப்பும் போச்சு. அந்த நெழல்லதான் நாலு மெஷினும் நிக்குது. வீட்டுக்குள்ள எடம் இல்ல, வெளிய கடை புடிக்க வழி இல்ல. அப்பா, “தகரம் போட்டுத் தாறேன், அதுக்கடியில தச்சுக்க”ங்கிறாரு. நம்ம ஊரு வெயில்ல தகரத்துக்கு அடியில உக்காந்தா, ஜாக்கெட் தைக்க வந்த அக்காகெல்லாம் வறுகடலையாத்தான் வீடு திரும்புவாக. அம்மா மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்துச்சு, விட்ட எடத்துக்கே திரும்பத் திரும்ப விட்டுச்சு. அதப் பாக்க முடியாமத்தான், அப்ப சிறைக்குப் போகாத என் போன்ல உங்களுக்கு இலையப் படம் அனுப்பினேன். நீங்களும் நல்ல மனசோட, “பயப்படாத பாப்பா, கண்ணுக்குத் தெரியாத பேன், அம்புட்டுத்தான். மரம் சாகாது. புடைச்ச கிளைய வெட்டிக் கவாத்து பண்ணிட்டு, வேப்பெண்ணெயில சோப்புத் தண்ணி கலந்து அடி”ன்னு பேசி அனுப்புனீங்க. நான் அறிவு கெட்டுப் போய் அத வகுப்பு நடக்கையில எல்லார் முன்னாலயும் போட்டுக் காமிச்சேன். உண்மைய வெளிய சொன்னா என்ன ஆகும்னு எனக்கு என்ன பழக்கமா இருக்கு?

“பேனா?”ன்னாரு அப்பா. “மரத்துக்கு எப்புடிடி சீப்பு போடுறது?”

“சீப்பு வேணாம்ப்பா, கவாத்து பண்ணினாப் போதும்.”

“கவாத்தா? மரம் என்ன போலீசு செலக்சனுக்கா போகுது?”

அதுக்குள்ள மூணாவது மெஷின்ல இருந்த நாகஜோதி அக்கா தலையச் சொறிய ஆரம்பிச்சுச்சு. “நானும் என்னடான்னு பாத்தேன்க்கா, இந்த மரத்துக்கடியில உக்காந்ததுல இருந்துதான் எனக்கு அரிக்குது”ன்னுச்சு. அம்மா, “ஏன்டி, உன் கல்யாணத்துல தாலி ஏறையிலயே நீ சொறிஞ்சுக்கிட்டுத்தான இருந்த”ன்னுச்சு. என்ன சொல்லி என்ன மாமா, ஒருத்தி சொறிஞ்சா ஊரே சொறியும். மறுநாள் வகுப்புக்கு நாகஜோதி அக்கா மட்டும் வந்துச்சு, அதுவும் தலையில ரெயின்கோட்டுத் தொப்பியோட. அப்பா அப்பவே மரம் வெட்டுற விருமாண்டி அண்ணனுக்குப் போன் போட்டுட்டாரு.

அந்த வார ஞாயித்துக்கிழமை காலையில விருமாண்டி அண்ணன் மெஷின் ரம்பத்தோட வந்து நிக்கிறாரு. என் அறுவையக் கேட்டே வளந்த மரம், இந்த அறுவைக்குப் பயப்படாதுன்னு மனசத் தேத்திப் பாத்தேன், முடியல. அம்மா அடுப்படி சன்னல் வழியாப் பாத்துக்கிட்டு நிக்குது, கையில கரண்டி நிக்குது, குழம்பு கொதிச்சு வழியுது. எனக்கு வாயில தானா வந்துருச்சு மாமா.

“அண்ணே, ரம்பத்த வைக்கிறதுக்கு முன்னாடி இந்த இலையத் தடவிப் பாருங்க.”

“என்ன பாப்பா?”

“முத்து.”

“என்னது?”

“முத்து போட்டிருக்குண்ணே. ஆத்தா வந்திருக்கா.”

விருமாண்டி அண்ணன் ரம்பத்தக் கீழ வச்சாரு. செருப்பக் கழட்டித் தள்ளி விட்டாரு. “ஏண்ணே, அம்மை போட்ட மரத்துல என்னைய ரம்பம் வைக்கச் சொல்றீகளே, நான் புள்ளகுட்டிக்காரண்ணே”ன்னு அப்பாகிட்ட மல்லுக்கு நிக்கிறாரு.

“மரத்துக்கு எப்புட்றா அம்மை வரும்?”

“இந்த வெயிலுக்கு யாருக்குத்தாண்ணே வராது?”

அப்பா ஒரு இலையத் தடவினாரு. இன்னொண்ணத் தடவினாரு. அப்புறம் ரெண்டு கன்னத்துலயும் போட்டுக்கிட்டாரு. அம்மா என்னைய ஒரே ஒரு பார்வை பாத்துச்சு, வேப்பங்கொழை ஒடிக்கப் போயிருச்சு. மறுநாள் வகுப்புக்கு அம்புட்டுப் பேரும் வந்துட்டாக. பேன் இருக்கிற மரத்துக்கடியில உக்காராத அக்காக, ஆத்தா இருக்கிற மரத்துக்கடியில தலைக்குக் குளிச்சிட்டு வந்து உக்காந்துட்டாக.

அதோட நின்னிருந்தா நல்லாருந்திருக்கும். வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு. அம்மை போட்ட வீடுன்னு கறி எடுக்கிறது இல்ல, எண்ணெய்ச் சட்டி வைக்கிறது இல்ல, தாளிக்கிறது இல்ல. பொய் சொன்ன வாய்க்குத் தாளிக்காத குழம்பு. ஆத்தாளுக்குன்னு அப்பா தினம் ஒரு எளநிய வாங்கி வந்து மரத்தடித் தூர்ல ஊத்துறாரு, பெத்த மக பக்கத்துல நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறேன். ராதாகிருஷ்ணன் சார், “மரத்துக்கு அம்மை வர்றதா ஆப்புல இல்லையே”ன்னு இழுத்தாரு. அவரு வீட்டு வசுந்தரா அத்தை, “ஆப்பு உங்க கண்ணக் குத்தும், வாய மூடுங்க”ன்னு அதட்டிட்டு ஒரு சொம்பு கூழ் கொண்டாந்து வச்சிட்டுப் போச்சு.

நீங்க சொன்ன மருந்தையும் நான் விடல. “ஆத்தாளுக்கு வேப்பிலை ஆகும்னா வேப்பெண்ணெயும் ஆகும்”னு சொல்லி, சோப்புத் தண்ணியக் கலந்து ஸ்ப்ரேயர்ல அடிச்சேன். அப்பாவோட வெள்ளைச் சட்டைக்கும் ஒரு கை மருந்து கெடச்சுச்சு. ஆனா கவாத்துதான் பண்ண முடியல, கத்தியக் கொண்டு போனாலே அப்பா குறுக்க விழுறாரு. இம்புட்டுக்கும் நடுவுல மருந்து வேலை செஞ்சிருச்சு மாமா! நேத்துப் பாக்குறேன், வர்ற கொழுந்தெல்லாம் வழுவழுன்னு வருது. சந்தோசத்துல குதிச்சேன், குதிச்ச கால் தரையில படுறதுக்குள்ள அதோட வினை புரிஞ்சுருச்சு. இலை சுத்தமாயிட்டா ஆத்தா எறங்கிட்டான்னு அர்த்தம். ஆத்தா எறங்கினா, அம்மை தீந்தவகளுக்குத் தலைக்கு ஊத்துற மாதிரி மரத்துக்குத் தண்ணி ஊத்திருவாக. தண்ணி ஊத்தி முடிஞ்சா ரம்பத்துக்குத் தடையில்ல. “ஆத்தாள நல்லபடியா அனுப்பிட்டு வெட்டிருவோம், ஒருக்கா சீக்கு வந்த மரம் மறுக்கா வரும்”னு அப்பா விருமாண்டி அண்ணன்கிட்டச் சொல்லி வச்சிருக்காரு. மரம் பொழைக்கப் பொழைக்கச் சாவுக்குப் பக்கத்துல போகுது. நான் வளக்குறேனா கொல்லுறேனான்னு எனக்கே தெரியல. உக்கார முடியல, படிக்க முடியல, பச்சையா ஒரு கொழுந்து விட்டா பக்குன்னு இருக்கு.

ஆகவே மாமா அவர்களே, அப்பா நாளையோ மறுநாளோ தங்களுக்குப் போன் செய்து, ஆத்தா இறங்கிவிட்டாளா என்று கேட்பார். தாங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: இது கடுமையான அம்மை, கொழுந்து தெளிந்தாலும் வேரில் நிற்கும், வருசம் திரும்பும்வரை தண்ணி ஊற்றக் கூடாது, விவசாயப் படிப்பிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. முன்பு சொன்னது போல் பேன் என்றோ பூச்சி என்றோ இனித் தவறியும் வாய் திறக்கக் கூடாது. தங்கள் பட்டத்துக்கு இதனால் சிறு களங்கம் வரலாம். அக்காளின் நாலு மெஷினை நினைத்துப் பொறுத்துக்கொள்ளவும்.

அத்தைக்கு என் வணக்கம். பேசப் பழகும் குட்டிப் பயலுக்கு முத்தம். அவன் முதலில் உண்மை பேசப் பழகட்டும், மற்றதை நான் வந்து சொல்லித் தருகிறேன். தங்கள் நாக்கில் தடுமாற்றமில்லாத ஒரு பொய் குடியேற அந்த மரத்து ஆத்தாளே துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் அரிப்பும் நிறைந்த மருமகள்,
ஆர்த்திகா.

பி.கு.: மாமா, மேல எழுதின அம்புட்டையும் அடிச்சிருங்க. கவர ஒட்டுறதுக்குள்ள அப்பா எந்திரிச்சு வந்து கொழுந்தப் பாத்துட்டாரு. “தெளிஞ்சிருச்சே! நாளைக்கே தண்ணி ஊத்திருவோம்”னு விருமாண்டி அண்ணன் நம்பர அமுக்குறாரு. எனக்குப் பொறுக்கல. “ஆத்தா போறதா இல்லப்பா, இந்த மரத்துலயே தங்கப் போறாளாம், கனவுல சொன்னா”ன்னுட்டேன். அப்பாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மரம் தப்பிச்சது மாமா, இனி ஒருத்தனும் கை வைக்க மாட்டான். ஆனா, “தங்குறவளுக்கு எடம் வேணும்ல”ன்னு அப்பா மிச்சமாக் கெடந்த செங்கல எடுத்துத் தூர்ல பீடம் கட்ட ஆரம்பிச்சுட்டாரு. நெழல்ல செருப்புக் கால் படக்கூடாதாம், ஊசி, கத்திரி எதுவும் வரக்கூடாதாம். நாலு மெஷினும் வெயில்ல நிக்குது. அதுல ஒண்ணுல உக்காந்து, முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு, அம்மா ஆத்தாளுக்குப் பாவாடை தைக்குது.

போன்ல பேச வேணாம், நேர்ல வாங்க. நாகஜோதி அக்கா தம்பி இன்னிக்கு ஓசூர் பஸ் ஏறுறான், அவன்கிட்டத்தான் இதக் கொடுத்து விடுறேன். இது அம்மையே இல்ல, பூச்சிதான், மருந்தடிச்சாச்சு, மரம் நல்லாருக்கு, அடியில யாரும் உக்காரலாம்னு உங்க பட்டத்து மேல சத்தியம் பண்ணுங்க. அப்பா சிமெண்டு குழைச்சிட்டாரு. அவரு அசந்த நேரம் அதுல ரெண்டு வாளித் தண்ணி கூடுதலா ஊத்திட்டேன். காயுறதுக்குள்ள வாங்க.