அப்பாவின் அலகும் என் நீலக் கொண்டையும்

கலகக்காரனாக வேண்டுமென்றால் முதலில் வீட்டில் அடங்கி ஒடுங்கிய ஓர் அப்பா வேண்டும். எனக்கு அப்படியொருவர் இருந்தார். (இருந்தார் என்றுதான் அந்தக் கோடைத் திருவிழா வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டனில் பங்க் என்ற கலக இசைக் கூட்டம் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டிருந்தது. மனோர் பார்க்கில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. தலைவன் நைஜல். மூக்கில் ஊக்கு, கிழிந்த தோல் ஜாக்கெட், டை கட்டிய மனிதர் எவரைக் கண்டாலும் கடுங்கோபம். என் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டான். கவுன்சிலில் கணக்கு எழுதுகிறார், வெயிலிலும் குடை கொண்டுபோவார், பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார் என்றேன். நைஜல் என் தோளில் கைபோட்டு ஆறுதல் சொன்னான். அன்றே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தலையின் இரண்டு பக்கத்தையும் வழித்து, நடுவிலிருந்த முடிக்கு நீலச் சாயம் பூசினேன். அது நிமிர்ந்து நிற்க நான் கண்டுபிடித்த மருந்து, அம்மா சோறு வடித்து வைக்கும் கஞ்சி. காய்ந்துவிட்டால் புயலுக்கும் அசையாது. வீட்டில் எந்நேரமும் கம்பளித் தொப்பி.

"கோடையில என்னடா தொப்பி?" என்றார் அம்மா.

"தடிமன், அம்மா. மூக்கு ஒழுகுது."

"ஒரு மாசமாவோ?"

இதற்கிடையில் ஒரு விபத்து நடந்தது. நான் ஏ லெவல் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டேன். பாஸ் பண்ணினால் செடில் காவடி எடுப்பதாக அப்பா முருகனுக்கு நேர்ந்து வைத்திருந்தாராம். முதுகில் கொக்கிகள் குத்தி, அவற்றின் கயிற்றைப் பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க, தெருவில் ஆடிப்போகும் காவடி. "கயிறு நீதான் பிடிக்கிறாய்" என்றார் அப்பா. காவடி முடிந்த கையோடு நைஜலிடம் போகலாம் என்று, அன்று காலையிலேயே கஞ்சி பூசித் தொப்பியை மாட்டிக்கொண்டேன்.

கோயிலில் அப்பாவின் முதுகில் கொக்கிகள் வரிசையாக ஏறின. பிறகு ஒரு கன்னத்தில் நுழைந்த அலகு மறு கன்னத்தால் வெளியே வந்தது. அப்பா முகம் சுளிக்கவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் ஐயர் என்னைப் பார்த்தார்.

"தம்பி, தொப்பியைக் கழட்டும்."

"தடிமன், ஐயா."

"முருகன் பார்த்துக்கொள்ளுவார்" என்று அவரே கழற்றிவிட்டார்.

அமுங்கிக் கிடந்த கொண்டை மெதுவாக, தவணை முறையில் எழும்பியது. தவில்காரர் ஒரு தட்டைத் தவறவிட்டார். அப்பா திரும்பினார். அலகு வாயைப் பூட்டியிருந்ததால் அவரால் பேச ஏலாது. (முருகன் எனக்கு நேரில் செய்த ஒரே உதவி.) ஆனால் கண்கள் பேசின; அவை பேசியதை இங்கே எழுத முடியாது.

பக்கத்தில் நின்ற ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாருங்கோ, தகப்பனுக்குக் காவடி, பிள்ளைக்கு மயில் கொண்டை. இந்தக் காலத்தில ஆர் இப்பிடி நேர்த்தி வைக்கிறது?"

லண்டனையே அதிரவைக்க வளர்த்த முடி. நாலு பெண்கள் வந்து அதற்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார்கள்.

ஊர்வலம் சிப்ஸ் கடை மூலையால் திரும்பியபோது அங்கே நைஜல் நின்றான். முதலில் வேட்டியும் வெறும் மேலுமாக நின்ற என்னைப் பார்த்தான். பிறகு கயிற்றைப் பார்த்தான். பிறகு கயிறு போய் முடிந்த இடத்தைப் பார்த்தான்.

"யார் அது?"

"அப்பா."

"குடை அப்பாவா?"

அப்பா வழக்கம்போல மரியாதையாகத் தலையாட்டினார். அலகும் சேர்ந்து ஆடியது. நைஜல் அப்படியே நடைபாதையில் சரிந்தான். மூக்கிலிருந்த ஊக்கு கழன்று என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். வெறுமனே கவ்வ வைத்தது. அவன் மூக்கில் ஓட்டையே இல்லை.

அப்பா ஆட்டத்தை நிறுத்தி, என்னையும் கயிற்றோடு இழுத்துக்கொண்டுபோய் அவனருகே குனிந்து, காவடியிலிருந்த மயிலிறகால் விசிறினார். நைஜல் கண் திறந்தான். அலகு குத்திய முகத்தை ஒரு முழத் தூரத்தில் கண்டான். மறுபடியும் மயங்கினான்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம். இந்த மனிதரைக் கோழை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவர் எனக்காகத் தன் உடம்பில் இவ்வளவையும் குத்திக்கொண்டு நிற்கிறார். கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தேன்.

கோயிலுக்குத் திரும்பி அலகை எடுத்ததும், எனக்கு விழப்போகும் பூசைக்குத் தயாராக நின்றேன். அப்பா கன்னத்தில் திருநீற்றை அமத்திக்கொண்டு கேட்டார்: "அந்தப் பிள்ளை சாப்பிட்டிட்டுதோ?"

"ஓம், அப்பா. நைஜலை மாமிமார் கூட்டிவந்து அன்னதானத்தில இருத்தியிருக்கினம்."

பிறகு என் கொண்டையைச் சுண்டிப் பார்த்தார். "இது என்னெண்டு நிக்குது?"

"கஞ்சி."

பின்னால் நின்ற அம்மாதான் முதலில் கத்தினார். "அப்ப நான் வடிச்சு வைக்கிற கஞ்சியைப் பூனை குடிக்குதெண்டு பக்கத்து வீட்டு மனிசியோட சண்டை பிடிச்சது சும்மாவோ?"

எனக்கு வழுக்கை விழுந்து வருஷக்கணக்காகிறது. ஆனாலும் சோறு வடிக்கும்போதெல்லாம் அம்மா குசினியிலிருந்து குரல் கொடுப்பார்: "தம்பி, தலைக்குக் கொஞ்சம் எடுத்து வைக்கட்டோ?"

நைஜல் இப்போது அப்பா வேலை செய்த அதே கவுன்சிலில் டை கட்டிக்கொண்டு இருக்கிறான். வருஷாவருஷம் காய்ச்சல் தடுப்பூசி போடப் போகும்போது, கையைப் பிடித்துக்கொள்ள அப்பாவைத்தான் கூட்டிக்கொண்டு போகிறான். அப்பாவும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.