நடந்து போன வீடும் நான் கேட்ட காகிதமும்

புதுச்சேரி

பாசமுள்ள மகன் அனஸுக்கு, அத்தா பக்ருதீன் சொல்லச் சொல்ல மூன்றாவது வீட்டுக் கமலா டீச்சர் கையால் எழுதி வருவது. இங்கே நானும் உன் அம்மா ரோஷன் பீவியும் அவளுடைய மூட்டுவலியும் அல்லாஹ் கிருபையால் குறைவில்லாமல் இருக்கிறோம். பிரான்சில் நீயும் மருமகள் சபினும் பிள்ளைகளும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய்.

இந்தோனேசியாவில் உன் தங்கச்சி ஹனீன் வீட்டை ஆறு தின்றுகொண்டு வருகிறது, போய் அவளையும் மாப்பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டு வாங்க, மூலக்குளத்து வீட்டில் கீழ்த்தளம் சும்மாதான் கிடக்கிறது என்று டிக்கெட் எடுத்து அனுப்பினாய். நாற்பத்தோரு நாள் இருந்துவிட்டு நான் மட்டும் திரும்பி வந்திருக்கிறேன். ஏன் என்று கேட்க மூன்று தரம் போன் அடித்தாய், மூன்று தரமும் நான் தொழுகையில் இருப்பதாக உன் அம்மா சொன்னாள். அதில் ஒரு தரம் உண்மை. இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

சுலவேசித் தீவில் மகாசரில் இறங்கி, காரில் ஆறு மணி நேரம் போனால் அந்த ஊர். எல்லாம் மர வீடு, கால் முளைத்த வீடு. கால்கள் மண்ணில் புதைந்தும் இல்லை, ஒவ்வொன்றும் ஒரு கல்லின் மேல் சும்மா நிற்கிறது. கீழே கோழியும் மோட்டார் சைக்கிளும், மேலே மனுஷர்கள். நான் போன அன்றைக்கு ஹனீன் வீட்டின் பின்கால் இரண்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே மூன்று முழம் இடம். குளிக்கிற அறை போன மாதமே போய்விட்டதாம். "கெளம்பும்மா, இது இனி வேலைக்கு ஆவாது" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "வர்ற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் ஊரே வந்து வீட்டத் தூக்கி ரோட்டோரம் வச்சிடுவாங்க அத்தா" என்றாள். வீட்டைத் தூக்கியா என்றேன். ஆமாம், வீட்டைத் தூக்கி.

அதையாவது நம்பினேன். ரோட்டோரம் யாருடைய இடம் என்று கேட்டேன் பார், அங்கேதான் பிடித்தது சனி. இடம் தாஹிர் என்கிற பக்கத்து வீட்டுக்காரருடையது. என் வயசு, என்னை விடத் தலையில் முடி ஜாஸ்தி. காப்பி குடிக்க வந்தவரிடம் ஹனீனை விட்டு இடத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அவள் தமிழில் சொன்னாள்: "வீடு உங்களுது, எடத்துல நிக்கிற ஆறு தென்னை என்னுது, நெலம் அது பாட்டுக்குக் கெடக்கட்டும், வேணுங்கிற வரைக்கும் இருங்கன்றாரு."

"நல்லது. அத எழுதிக் குடுக்கச் சொல்லு."

"அத்தா, இங்க அப்படிக் கேக்கக் கூடாது."

"ஏன் கூடாது? குடுக்கறது இடமா, இல்ல வெத்தலையா? எழுதி, சாட்சி வச்சு, கையெழுத்துப் போடச் சொல்லு."

அவள் சொல்ல மாட்டேன் என்றாள். நான் விடவில்லை. உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன், பெருவிரலை அழுத்திக் காட்டினேன், பெரிய மார்க்கெட்டில் நாற்பது வருஷம் வாழைத்தார் விற்றவனுக்குச் சைகை தெரியாதா? தாஹிருக்கு நன்றாகவே புரிந்தது. பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து, ஏணிப்படியில் நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "எழுதி வாங்குறாருன்னா நாளைக்கு எம் மேல கேஸ் போடப் போறாருன்னு அர்த்தம். கேஸ் போடப் போறவருக்கு நான் ஏன் தோள் குடுக்கணும்னு கேட்டுட்டுப் போறாரு" என்று சொல்லிவிட்டு ஹனீன் அடுப்படிக்குப் போனாள். அப்புறம் என்னிடம் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தூக்குவதற்கு வீட்டைச் சுற்றி மூங்கில் கட்டியாகிவிட்டது, பெண்கள் வாழைப்பழத்தைப் பிசைந்து இலையில் பொதிந்து அண்டா அண்டாவாக வேக வைத்திருந்தார்கள். தொழுகை முடிந்து வந்தவர்கள் மாப்பிள்ளை பசோவையும் அவர் தம்பிகளையும் சேர்த்து ஒன்பது பேர். அந்த வீட்டுக்கு நூறு பேராவது வேண்டும். ஒன்பது பேரும் உட்கார்ந்து பலகாரத்தைத் தின்றுவிட்டுப் போனார்கள். பசோ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டி மனசு ஆறியிருக்கும். சாயங்காலம் கரையில் இன்னொரு முழம் சரிந்தது. மகள் வீட்டைக் காப்பாற்றப் போனவன் நான், அதை ஆற்றில் தள்ளிவிடுகிற ஆளும் நானே என்று ஆகிவிட்டது.

நான் ஏன் கேட்டேன் என்று உனக்குத் தெரியும். எழுபத்தாறாம் வருஷம் உன் பெரியத்தா, ரேஷன் கார்டுக்கு என்று சொல்லி என் பெருவிரலை வாங்கினார். முத்தியால்பேட்டை மனை போய்விட்டது. அன்றைக்கு அவர் போட்டிருந்தது பச்சைக் கட்டம் போட்ட கைலி, மேல் பட்டன் இல்லாத சட்டை, தொட்டுக்கொண்ட மை ஊதா. அதிலிருந்து நான் யாரையும் எழுத்தில்லாமல் நம்பியதில்லை, எழுதியதையும் மூன்று பேரிடம் படிக்கக் கொடுக்காமல் நம்பியதில்லை.

சனிக்கிழமை காலையில் துணைக்கு ஆள் இல்லாமல் தாஹிர் வீட்டுக்குப் போனேன். மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாகப் பிளந்தார். நான் எதிரே உட்கார்ந்து, உன் பெரியத்தா கதையைப் பச்சைக் கட்டத்திலிருந்து ஊதா மை வரைக்கும் தமிழிலேயே சொன்னேன். வேறு பாஷைக்கு எங்கே போவேன்? மனை போன இடம் வரும்போது பெருவிரலை அவர் முன்னால் நீட்டிக் காட்டினேன், ஐம்பது வருஷம் ஆகியும் மை காயாத மாதிரி. அவர் அரிவாளைக் கீழே வைத்தார். பிறகு அவர் பேச ஆரம்பித்தார். என்னை விட நீளம். அவருக்கும் ஒரு அண்ணன் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் இரண்டு தரம் எச்சில் துப்பினார். பேசி முடித்து, கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்து அழைத்துப் போனார். இரண்டு பேரும் தென்னைக்கு நடுவே அளந்து, கால் வைக்க வேண்டிய கல் அத்தனையையும் உருட்டி வைத்தோம். ஒரு கல் கோணலாக இருக்கிறது என்றேன். சரியாக இருக்கிறது என்றார். மாற்றி வைத்தோம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் மைக்கில் அவரே கூப்பிட்டார். நூற்று நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள், நான் எண்ணினேன். ஆனால் தாஹிர் ஒரு நிபந்தனை போட்டார்: சந்தேகப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வர வேண்டும். ஹனீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு, அதனால் ஒத்துக்கொண்டேன். விசில் ஊதினார்கள். அனஸ், வீடு எழுந்தது. வீராம்பட்டினம் தேரைத் தெருவில் நின்று எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் எதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று யோசித்ததே இல்லை. நான் அரிசிப் பானையைப் பிடித்துக்கொண்டேன். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தால் கீழே தலைகள் போகின்றன. நாற்பது அடி போனதும் மறுபடி விசில், வீடு நின்றது, கீழே ஒரே கூச்சல். ஆற்றுப் பக்கமாகச் சாய்கிறதோ என்று நான் கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டேன். வெளியிலிருந்து ஹனீன் கத்தினாள்: "அத்தா! ஒரு பக்கமாவே உக்காந்திருக்கீங்களாம், அந்தப் பக்கத்து ஆளுங்க திட்டுறாங்க. நடுவுக்கு வாங்க!"

நடுவுக்கு வந்தேன். மறுபடி தூக்கினார்கள். கல்லில் கால் பதிந்தபோது கண்ணாடி டம்ளர் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. இறங்கி வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டு ஹனீன் அழுதாள், பசோ கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். நூற்று நாற்பத்திரண்டு பேரும் பலகாரம் தின்றுவிட்டு, செய்ததைப் பற்றி ஒரு பேச்சில்லாமல் கலைந்தார்கள். நான்காம் நாள் பழைய இடத்தை ஆறு எடுத்துக்கொண்டது. புது வீட்டு வாசலில் இருந்து, தாஹிருடைய காப்பியைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தோம்.

ஆகவே மகனே, உன் தங்கச்சி வர மாட்டாள். கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. மூலக்குளத்துக் கீழ்த்தளத்தை நீ வாடகைக்கு விடு. பெயர் தெரியாத அத்தனை பேர் தோளில் என் பிள்ளையின் வீடு போயிருக்கிறது. அவர்களுக்காக ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன், எண்ணிக்கை குறையாமல். எழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம், வாய் வார்த்தை போதும் என்று இந்த எழுபத்தெட்டு வயசில் எனக்குப் புத்தி வந்தது. அதைக் கொடுத்தவனுக்கே எல்லாப் புகழும். உன் வீட்டு நிலை தாழாமல், உன் அடுப்பு அணையாமல், பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்டு நடக்க அல்லாஹ் அருள் செய்வானாக.

உன் அத்தா,
பக்ருதீன் (இடது பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஹனீன் போன் செய்தாள். நான் மறுபடி அங்கே வருவதாக இருந்தால், அந்த ஊரில் யாரிடமும் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்று தாஹிருக்கு நான் எழுதித் தர வேண்டுமாம். ஊரே கூடி முடிவு செய்ததாம். "நமக்குள்ள எதுக்கும்மா எழுத்து? என் வாய் வார்த்தை போதாதா?" என்று கோபமாகவே கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் போன் கட்டாகிவிட்டது. இன்று காலை பத்திரம் எழுதுகிற நொத்தேர் ஆபீசுக்குப் போய், ஸ்டாம்பு பேப்பரில் எழுதி, மூன்று பேரிடம் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கமலா டீச்சர் சாட்சிக் கையெழுத்துப் போட, ரேகை வைத்து அனுப்பிவிட்டேன். அனுப்பியது ஜெராக்ஸ்தான், ஒரிஜினலை யாராவது கொடுப்பார்களா? கிடைத்தது என்று தாஹிரை ஒரு ரசீது எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.