எருக்குழிக்குப் போன சாட்சி

“அந்த டிரைவர் குடிச்சிருந்தாரா, இல்லையா?”

விசாரணைக்கு வந்த மேஜர் நேராகத்தான் கேட்டார். காளிச்சாமிக்குப் பதில்தான் கோணலாக வந்தது.

“இங்க வந்து குடிக்கலீங்க.”

“அப்போ, குடிச்சிட்டுத்தான் ஓட்டி வந்திருக்கார்.” மேஜர் எழுதிக்கொண்டார்.

காளிச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார். போன வாரம் அவருடைய கன்றுக்குட்டி சாலையில் துள்ளிக் குதித்தபோது, ராணுவ டிரைவர் ஆனந்தகுமார் திறந்த ஜீப்பைத் திருப்பித் தோப்போரத் தென்னையில் மோதிவிட்டான். கன்றுக்கு ஒரு கீறலும் இல்லை. இவர் ஓடிப்போய்ப் பார்த்தால், பையன் கள்ளில் குளித்து மயங்கிக் கிடந்தான். காலடியில் உடைந்த பானை. பின்னால் கேட்டபோது அவனுக்கே எதுவும் நினைவில்லையாம்.

கன்றைக் காப்பாற்றிய பிள்ளைக்கு வேலை போவதா? மனசு கேட்கவில்லை. ஆள் வருவதற்குள் பானைச் சில்லுகளை எருக்குழியில் புதைத்துவிட்டார். வாடையைத்தான் புதைக்க முடியவில்லை.

“அது கள்ளு வாடை இல்லீங்க. என்ற ஊட்டுக்காரி குடுத்த புளிச்ச கம்மங்கூழுங்க.”

மோர் கொண்டு வந்த மனைவி முத்தாத்தாளுக்குப் பொய் மட்டும் வராது. அன்றைக்குத் தான் கோபாலபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்ததாகச் சொல்லி, மேஜர் கையில் டம்ளரையும் கொடுத்தாள்.

காளிச்சாமி ஓரடி முன்னால் வந்தார். துணிந்தவனுக்குத் துக்கம் இல்லை.

“குடிச்சது நானுங்க. பையனைத் தூக்கறப்ப என்ற வாடை அவன் மேல ஒட்டிக்கிச்சுங்க.”

மேஜர் பேனாவை மூடினார். போதையில் இருந்தவர் சாட்சி செல்லாது. குறுக்கே கன்று வந்ததாக அவர் சொன்னதும் செல்லாது என்றார். ஆக, வராத கன்றுக்காகக் குடிகாரன் ஒருவன் மரத்தில் மோதினான் என்று ஆயிற்று. அந்தக் கன்றோ மேஜரின் பூட்ஸை நக்கிக்கொண்டிருந்தது.

காளிச்சாமிக்குக் கண் கலங்கியது. நல்லது செய்யப்போய்ப் பையனைக் குழியில் தள்ளிவிட்டோமே என்று நொந்துபோனார்.

பக்கத்து மரத்தில் கள் இறக்கிக்கொண்டிருந்த நல்லமுத்து இதையெல்லாம் கேட்டபடி மெல்லக் கீழே இறங்கினான். தலையைச் சொறிந்தான்.

“வைவீங்களோன்னு இத்தனை நாளு சொல்லலீங்க. அந்தத் தம்பி எங்கீங்க குடிச்சாரு? ஜீப்பு முட்டுனப்ப மரத்து மேல நாந்தான் இருந்தேன். பானை கை நழுவி அவரு தலையில கவுந்துருச்சுங்க.”