அறுபது வாட் வெளிச்சத்தில் ஒரு பவுன்

இனிமேல் இந்த வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு காசுக்கும் தரம் போடப்படாது என்று ராஜவேல் தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அவரேதான். எதிர்க்கட்சி கூடத்தில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது.

கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். அங்கே டிரம்கள் அவர் சொன்ன இடத்தில் நிற்கும். வீட்டில் அப்படி அடங்கி நின்றவை பழைய நாணயங்கள் மட்டுமே. நாற்பது நாணயங்கள், தேக்குப் பெட்டியில், ஆளுக்கொரு குழி.

நாணயத்துக்குத் தரம் போடுவதில் பாதி வேலை வெளிச்சத்துடையது. டியூப்லைட்டில் எல்லாக் காசும் சம்பளம் வராதவன் முகம் போல ஒரே மாதிரி இருக்கும். எல்.இ.டி.யில் கண் கூசும். மேஜை விளக்கில் ஒரே ஒரு குண்டு பல்பு, அறுபது வாட். மற்ற விளக்கெல்லாம் அணைந்திருக்க வேண்டும். காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்தால் அசல் மினுமினுப்பு வட்டமாகச் சுற்றி வரும். கீறல் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். குண்டு பல்பு கேட்டு அலைந்ததில் கடலூரில் பத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பதினோராவது ஆள் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

"மத்த லைட்ட எல்லாம் நிறுத்து மலரு."

"சீரியல் ஓடுது மாமா."

"டிவி வெளிச்சமும் ஆகாது."

"கத்தரிக்காயோட வெரலும் சேந்து கொழம்புக்குப் போயிடும்."

"அஞ்சு நிமிஷந்தான்."

அந்த ஐந்து நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஓடியது. மலர்க்கொடி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாரு மாமா இந்த ஆளு? தெனமும் இவரையே பாக்குறீங்க."

"இங்கிலாந்து ராஜா நாலாம் வில்லியம். ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தஞ்சு வெள்ளி ரூபா. ஒரு கீறல் இல்ல பாரு."

"கட்டிக்கிட்டு வந்து இருவது வருஷமாவுது. என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்பிடி சாச்சு சாச்சுப் பாத்திருக்கீங்களா?"

ராஜவேல் காசை மறுபக்கம் சாய்த்தார். வில்லியத்தின் மேல் அவருக்கு உயிர். வில்லியம் வந்த கதை மட்டும் வெளியே சொல்லத் தக்கதல்ல. கல்யாணத்தில் மலர்க்கொடியின் அப்பா போட்ட, லட்சுமி பொறித்த ஒரு பவுன் காசு பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை விற்றுத்தான் வில்லியத்தை வாங்கினார். அதே போல ஒரு கவரிங் காசைச் சிதம்பரத்தில் வாங்கி, லட்சுமியின் டப்பாவில் படுக்க வைத்தார். மலர்க்கொடி சிதம்பரத்தில் கவரிங் பட்டறைக்காரர் மகள். முலாம் பூசிய வளையல்களுக்கு நடுவே தவழ்ந்தவள். அவளைச் சிதம்பரம் கவரிங்கை வைத்தே ஏமாற்றலாம் என்று நினைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவளே டப்பாவோடு வந்தாள்.

"இதையும் அந்த வெளிச்சத்துல பாத்துச் சொல்லுங்க மாமா."

ராஜவேல் டப்பாவைத் திறந்து காசை எடுத்தார். விளக்கடியில் சாய்த்தார். லட்சுமியின் மூக்கு நுனியில் செம்பு எட்டிப் பார்த்தது.

"எப்பிடி இருக்கு?"

"அருமையா இருக்கு."

"மூக்குல செவப்பா தெரியுதே."

"பழைய தங்கம்னா அப்பிடித்தான். அது இருந்தாத்தான் மதிப்பு ஜாஸ்தி."

"அப்ப மொதல் தரமா?"

"மொதல் தரம்."

"நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கெழம உங்க தங்கச்சி இளவரசி பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் தட்டுல இதையே வெச்சிடுவோம்."

"உங்கப்பா போட்டதாச்சே மலரு, வேணாம்."

"எனக்கே மனசு வந்துடுச்சு, உங்களுக்கு என்னா? இளவரசி மாமனார் காட்டுமன்னார்கோயில்ல அடகுக் கடைதான வெச்சிருக்காரு. எது குடுத்தாலும் சபையிலயே ஒரசிப் பாப்பாரு. மொதல் தரம்னா நமக்குத்தான் பெரும."

முந்நூறு பேர் நடுவில், கூடப் பிறந்தவளின் புகுந்த வீட்டுச் சபையில், தாய்மாமன் சீர் உரைகல்லில் பல்லிளிப்பதை ராஜவேல் நினைத்துப் பார்த்தார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் காபி கேட்டார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரி போனார். அங்கே வியாபாரி வில்லியத்தை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, "சுமார்தான் சார்" என்றார். ராஜவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கம் வேறு ஏறிக் கிடந்தது. வில்லியத்துக்குத் துணையாகப் பெட்டியிலிருந்து இரண்டு விக்டோரியா ராணிகளும் போனார்கள். ஒரு பவுனில் அசல் லட்சுமி வந்தாள். அன்றைக்கே மலர்க்கொடி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து டப்பாவில் மாற்றி வைத்தார். கவரிங் காசைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு மலர்க்கொடி டப்பாவைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் ஒரு தரம் காட்டினாள். காசை உள்ளே வைத்து பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சீர் தட்டுக்கு மலரு?"

"தட்டுல வெக்கத் தோடு வாங்கி ஒரு மாசம் ஆவுது மாமா. எங்கப்பா போட்ட காசு இப்பத்தான் வூடு திரும்பியிருக்கு, அத யாராவது வெளிய அனுப்புவாங்களா?"

ராஜவேலின் கை தன்னால் பேண்ட் பாக்கெட்டைத் தடவியது.

"பஸ்ஸுக்கு நேரமாவுது. பாக்கெட்டுல இருக்கிற கவரிங்க உங்க பெட்டியிலயே வெச்சிட்டு வாங்க, மூணு குழி காலியாத்தான கெடக்கு."