அதுதான் மடலில் போட்டிருந்ததே

பள்ளி வாசலில் காரை நிறுத்தியதும் ஷோனாவின் கண்ணில் பட்டது, இரவு உடையில் ஒரு பையன். நீலத் துணியில் வெள்ளைத் திமிங்கிலங்கள் போட்ட சட்டை, அதே துணியில் கால்சட்டை, கீழே ரப்பர் பூட்ஸ். மழைத் தூறலில் அவன் பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தான்.

ஷோனா அணைத்த எஞ்சினை மறுபடி கிளப்பினாள்.

கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி மூன்று நாள் என்றால் அந்த ஸ்காட்லாந்துக் கடலோர ஊர்ப் பள்ளியில் தினம் ஒரு கூத்து இருக்கும். எந்த நாள் எந்தக் கூத்து என்பது பள்ளி அனுப்பும் செய்தி மடலில் வரும். அந்த மடலை ஷோனா படிப்பதில்லை. மின்னஞ்சலில் பள்ளியின் பெயரைக் கண்டாலே அவள் விரல் தானாக அழித்துவிடும்.

இதில் சங்கடம் என்னவென்றால், ஷோனாதான் பெற்றோர் பிரதிநிதி. போன கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒரு பையன் மட்டும் ஆட்டுக்குட்டி வேஷம் இல்லாமல் வந்தபோது, அவன் அப்பா கிரெகரை எல்லார் நடுவிலும் நிறுத்தி, "மடலைப் படிக்கக்கூட நேரமில்லாதவங்க எதுக்குப் பிள்ளை பெத்துக்கணும்?" என்று கேட்டவள் அவள். துறைமுகத்துக்கு எதிரே மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கிற கிரெகர் காது சிவக்க நின்றான்.

இப்போது இரவு உடையில் போன பையன், அந்தக் கிரெகரின் மகன் ரோரி. கிரெகரே படித்துவிட்டான்.

"அம்மா, இறங்கட்டுமா?" என்றாள் பின்சீட்டில் சீருடையோடு இருந்த மகள் ஐலி.

"இறங்காதே. வீட்டுக்குப் போறோம். நைட் டிரஸ் மாத்தணும்."

"இப்பதானே கழட்டினேன்?"

"திரும்பப் போட்டுக்கோ. மடல்ல போட்டிருந்தது."

"நீதான் மடலைப் படிக்கவே மாட்டியே."

"வாயை மூடிட்டு வா."

திரும்பி வந்தபோது வாசலில் இசபெல் தன் இரட்டைப் பிள்ளைகளோடு நின்றாள். "என்னடி ஷோனா, ஐலி படுக்கையிலேர்ந்து அப்படியே வந்திருக்கா?"

"அதுதான் மடல்ல போட்டிருந்ததே," என்றாள் ஷோனா.

இசபெல்லின் முகம் வெளுத்தது. "ஆமாமா, போட்டிருந்தது. நேத்துகூடப் படிச்சேன்," என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளை மறுபடி காருக்குள் தள்ளினாள். அதைப் பார்த்த மூன்று பேர் தங்கள் கார்களைத் திருப்பினார்கள். முதல் பாடம் முடிவதற்குள் பள்ளி முழுக்க இரவு உடை. ஓர் ஆசிரியை கணவனுக்குப் போன் போட்டு வீட்டு அங்கியை வரவழைத்து மாட்டிக்கொண்டாள்.

தலைமையாசிரியை திருமதி டன்பார் வெளியே வந்து பார்த்தாள். திறந்த வாய் சற்று நேரம் மூடவில்லை. சரேலென்று உள்ளே போனவள் மருத்துவ அறைத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இரவு உடை நாளுக்கு எல்லாரும் வாங்க. மடல்ல நான் சொல்லியிருந்த மாதிரியே வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்."

தப்பித்தோம் என்று ஷோனா மூச்சு விட்டாள். ஆனால் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. மின்னஞ்சலைக் குடைந்து பார்த்தாள். மடல் இல்லை. அழித்துத் தொலைத்திருப்பாள்.

சாயங்காலம் கடைத்தெருவில் நடக்கும்போது இசபெல் போன் செய்தாள். "நாளைக்கு என்னன்னு எனக்குத் தெரியும். சும்மா உன்கிட்ட ஒருதடவை சரிபாத்துக்கலாம்னு."

"தெரிஞ்சா நீயே சொல்லேன்."

"நீதானே பிரதிநிதி. நீ சொல்லு."

ஷோனா சுற்றுமுற்றும் பார்த்தாள். எதிரே கிரெகரின் கடை. கிரெகர் உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். படியில் உட்கார்ந்து ரோரி ஓர் உருளைக்கிழங்குக்குக் கண், மூக்கு, மீசை வரைந்துகொண்டிருந்தான். வறுவல் கடைக்காரன் வீட்டுப் பிள்ளை உருளைக்கிழங்கோடு விளையாடுவதில் என்ன அதிசயம் என்று அவள் யோசித்திருக்கலாம். பயம் யோசிக்க விடவில்லை.

"உருளைக்கிழங்கு," என்றாள். "முகம் வரைஞ்சு கொண்டாரணும்."

"அதேதான். நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றாள் இசபெல் கூசாமல்.

மறுநாள் பள்ளி முற்றத்தில் எங்கு பார்த்தாலும் உருளைக்கிழங்கு. தொப்பி வைத்தது, கண்ணாடி போட்டது, ஒன்று திருமதி டன்பார் சாடையில்கூட இருந்தது. எல்லாருக்கும் கடைசியாகக் கிரெகர் ரோரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெறுங்கையோடு.

ஷோனா திகைத்துப் போனாள். ஊரிலேயே உருளைக்கிழங்கு இல்லாமல் வந்தது கிரெகரின் மகன் ஒருவன்தான்.

"ஐயோ, இன்னைக்கு இதுவா?" என்றான் கிரெகர். ஷோனாவைப் பார்த்ததும் காது சிவந்தது. "மன்னிச்சுடுங்க, மறுபடியும் கோட்டை விட்டுட்டேன்." கடையை நோக்கி ஓடினான்.

படித்துவிட்டு மறந்திருப்பான் என்று ஷோனா தன்னைத் தேற்றிக்கொண்டாள். வேறு எதையும் நினைக்க அவள் துணியவில்லை. திருமதி டன்பாரோ, "மடல்ல எழுதினபடி" என்று ஆரம்பித்து உருளைக்கிழங்கின் பெருமையை நீளமாகப் பேசி, தன் சாடையில் இருந்ததற்கே முதல் பரிசு கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் இசபெல் மட்டுமல்ல, பெற்றோர் குழு மொத்தமும் ஷோனாவை மொய்த்தது. கடைசி நாளாயிற்றே, சரிபார்த்துக்கொள்ள எல்லாருக்கும் ஆசை. ஷோனா நேரே கிரெகரின் கடைக்குப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். அப்பாவும் மகனும் தங்கள் கிழட்டு நாயைத் தொட்டியில் நிறுத்தி, நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கேயே நின்று போனில் குழுவுக்கு எழுதினாள்: "நாளை வளர்ப்புப் பிராணி நாள். மடலில் உள்ளபடி."

அவள் வீட்டில் பிராணி கிடையாது. பக்கத்துப் பண்ணையில் ஒரு பெரிய வெள்ளை வாத்தை இரவல் வாங்கினாள். அது கடிக்கும் என்று பண்ணைக்காரர் சொன்னார். சொன்னபடியே கடித்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி மண்டபத்தை நாடகத்தில்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். பூனைகள் ஒரு பக்கம், கோழிகள் ஒரு பக்கம், வாளி நிறைய நண்டு, இசபெல் கொண்டுவந்த செம்மறிக் கடா நடுவில். கடா மேடையேறி விடைபெறும் ஆசிரியருக்கு வைத்திருந்த கேக்கைத் தின்றது. பூனை கோழியைத் துரத்தியது. வாளி கவிழ்ந்து நண்டுகள் முதல் வரிசைக் கால்களை நோக்கி நடந்தன. திருமதி டன்பார் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, "மடல்ல சொல்லியிருந்த மாதிரி," என்று நடுங்கும் குரலில் தொடங்கினாள்.

கிரெகர் அப்போதுதான் கதவருகே வந்து நின்றான். நாய் இல்லை. ஷோனா வாத்தோடு அவனிடம் பாய்ந்தாள்.

"நேத்து நாயைக் குளிப்பாட்டினீங்களே, எங்கே அது?"

"வீட்டுல. செத்த மீன்மேல புரண்டுட்டு வந்தது, நாத்தம் தாங்கலை. இன்னைக்கு நாய் கொண்டாரணுமா?"

"அப்ப புதன்கிழமை நைட் டிரஸ்?"

"துணி துவைக்கிற மெஷின் நின்னுபோச்சு. சீருடை உள்ள மாட்டிக்கிச்சு. இங்க கொண்டுவந்து விட்டுட்டு ஒளிஞ்சு நின்னு பாக்கறேன், கொஞ்ச நேரத்துல எல்லாப் பிள்ளையும் நைட் டிரஸ். முதல் தடவையா என் பையன் சரியா வந்திருக்கான்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு." குரலைத் தாழ்த்தினான். "நீங்க அன்னைக்குக் கேட்டதுலேர்ந்து தினமும் மடலைத் தேடறேன் ஷோனா. ரெண்டு மூணு மாசமா எனக்கு வரதே இல்லை. என்னை மட்டும் விட்டுட்டாங்க போல. கேக்க வெக்கமா இருந்தது."

ஷோனாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "நான் அன்னைக்குப் பேசினது தப்பு, கிரெகர். பெரிய தப்பு," என்றாள்.

அந்த நேரம் பார்த்து நாற்காலி மேலிருந்து திருமதி டன்பார் கூவினாள். "மடலை ஒரு வரி விடாமப் படிக்கிற நம்ம பிரதிநிதி ஷோனாவுக்கு இந்தப் பூச்செண்டு. ஷோனா, மேடைக்கு வந்து, இந்த வார மடல்ல இருந்ததை உங்க வாயாலயே எல்லாருக்கும் சொல்லுங்க."

மண்டபம் கை தட்டியது. ஷோனா மேடைக்குப் போகவில்லை. வாத்தைக் கிரெகர் கையில் திணித்துவிட்டு நடைவழியில் ஓடினாள். அலுவலகத்தில் பள்ளி எழுத்தர் திருமதி பெட்ரி, தேநீரில் பிஸ்கட் நனைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். மடலை எழுதி அனுப்புகிறவள் அவள்தான்.

"திருமதி பெட்ரி, உங்ககிட்ட மறைக்க முடியாது," என்றாள் ஷோனா மூச்சிரைக்க. "நான் மடலைப் படிக்கறதே இல்லை. ஒருதடவைகூடப் படிச்சதில்லை. அங்க என்னைக் கூப்பிடறாங்க. இந்த வார மடல்ல நிஜமா என்னதான் போட்டிருந்தீங்க?"

திருமதி பெட்ரி கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஈஸ்டரோட அனுப்பறதையே நிறுத்திட்டேன் கண்ணு. யாராவது வந்து கேட்டா மறுபடி ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். நீதான் முதல் ஆளு."