கூண்டு அண்ணாச்சியின் மிளா

மிருகக்காட்சி சாலை நடத்தியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். தன் மிருகங்களெல்லாம் ஓடிப்போய்விட வேண்டும் என்று இலஞ்சி முருகனுக்கு நேர்ந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கூண்டு அண்ணாச்சி. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஐம்பதுகளின் பின்பாதியில் நான் தென்காசியில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் கால்கள் தாமாகவே குற்றாலத்துக்குக் கிளம்பிவிடும். ஏதோ சொல்ல வந்த மழை, சொல்லாமல் முகத்தைத் தடவிவிட்டுப் போனால் அதற்குப் பெயர் சாரல். அந்தச் சாரலில் நனைந்தபடி, ஐந்தருவிச் சாலையோரம் தகரம் அடைத்த ஒரு தோப்புக்குள் இருந்தது அண்ணாச்சியின் காட்சிசாலை. ஒரு மயில், ஒரு முள்ளம்பன்றி, சில குரங்குகள், ஒரு கிழட்டு மிளா, அதன் குட்டி. மான் இனத்தில் மாடு அளவுக்கு வளர்வதை எங்கள் பக்கம் மிளா என்போம். குரங்குக் கூண்டின்மேல் ஊர்க்குரங்குகள் உட்கார்ந்து, உள்ளே வரும் கடலையைக் கம்பி வழியே பிடுங்கித் தின்னும். சீசன் முழுக்கக் கூட்டம் அதைப் பார்க்கத்தான் வந்தது.

ஒருநாள் அண்ணாச்சி ஒரு இங்கிலீஷ் பத்திரிகையை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டார். சீமையில் எங்கேயோ காட்டெருமை அற்றுப்போன ஒரு காட்டில், காட்சிசாலையில் பிறந்த குட்டிகளைக் கொண்டுபோய் விட்டு, மறுபடி காட்டெருமை திரியும்படி செய்திருக்கிறார்களாம். அன்றோடு போயிற்று அவர் தூக்கம்.

“நாத்தங்கால்லயே வச்சிருந்தா நெல்லு வெளையுமாவே? பறிச்சு வயல்ல நடணும். கூண்டுங்கது நாத்தங்கால். காடுங்கது வயல்” என்று டீக்கடையில் பிரகடனம் செய்தார்.

முதலில் முள்ளம்பன்றியை மலையடிவாரத்தில் விட்டார். இவர் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அது கூண்டுக்குள் வந்து படுத்திருந்தது. மயிலை விட்டார். அது தபாலாபீஸ் கூரையில் குடியேறி, ஸ்டாம்பு வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் தோகை விரித்துக் காட்டியது. குரங்குகளை விட்டதை மட்டும் மாபெரும் வெற்றி என்று சொல்லிக்கொண்டார். குற்றாலத்தில் குரங்கை விட்டால் எது எங்கே போனது என்று எவன் கண்டான்!

பிரச்சினை ராசாத்தியிடம் வந்தது. ராசாத்தி, சினையோடு பிடிபட்ட கிழட்டு மிளாவுக்குக் கூண்டிலேயே பிறந்த குட்டி. தாயின் முதுகுக்கு மேலே பார்த்த வெளி, தகரத்து இடுக்கில் தெரிந்த மலை, இவ்வளவுதான் அவள் அறிந்த காடு. மனிதர்களைத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும். முறுக்கு கொடுப்பவன் மனிதன், பழத்தோல் கொடுப்பவன் மனிதன், காதைச் சொறிந்துவிடுபவன் அண்ணாச்சி. வளர்ந்த பிறகு அவளைக் காட்டோரம் விட்டபோது, நேரே இறங்கி வந்து பேரருவியில் குளிக்கிறவர்களின் வரிசையில் நின்றாள். பெண்கள் நெற்றியில் குங்குமம் வைத்து அனுப்பினார்கள்.

காட்டிலாகா ரேஞ்சர் அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சொன்னார். “மனுசனைக் கண்டா பயப்படாத மிளாவ மலையில விட்டா, துப்பாக்கிக்காரனுக்கு நீரே இலை போட்ட மாதிரி. பயம் படிச்சப்புறம் கூட்டிட்டு வாரும்.”

அண்ணாச்சி கம்பை எடுத்துக்கொண்டு ராசாத்தியை மிரட்டப் போனார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கம்பாலேயே அவள் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஆகவே ஆள் பிடித்தார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் கூட்டம் ஒன்று உண்டு. ஒரு தேய்ப்பில் மனிதனின் எலும்பையெல்லாம் எண்ணி வைத்துவிடுவார்கள். மத்தியானத்தில் அவர்களுக்கு வேலை ஓய்ந்திருக்கும். அவர்களில் தலையானவன் சுப்பையா. கையெல்லாம் நல்லெண்ணெய் மினுங்க, தகர டப்பாவும் கம்புமாக ஆட்களோடு வந்து நின்றான்.

“அண்ணாச்சி, பச்சப்புள்ள மாதிரி பாக்குதே. இதப் போயி எப்படி அடிக்க?”

“அடிக்கச் சொன்னனாலே? வையி! டப்பாவத் தட்டி, வாய்க்கு வந்தபடி வையி!”

வைதார்கள். தென்காசிச் சந்தையில்கூட அப்படிப்பட்ட வார்த்தைகளை நான் கேட்டதில்லை. அண்ணாச்சி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஐந்தருவிப் பக்கம் நடந்துவிடுவார். சீசன் முடிவதற்குள், சுப்பையா ஆட்கள் தகரக் கதவுக்கு வரும்போதே ராசாத்தி மூலையில் ஒண்டி நடுங்க ஆரம்பித்தாள். ரேஞ்சர் வந்து பார்த்துத் தலையாட்டினார். செண்பகாதேவி அருவிக்கு மேலே, காட்டு மிளாக்கள் மேயும் இடத்தில் அவளைக் கொண்டுபோய் விட்டார்கள்.

ஊர் நிம்மதியாக இருந்தது, விறகுவெட்டிகள் வரும்வரை.

“அண்ணாச்சி, ஒம்ம மிளா எங்க சோத்துச் சட்டியில வாய வைக்குது. வெரட்டினாப் போவ மாட்டேங்கு.”

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. அன்று மூலிகை பறிக்கப் போய்வந்த சுப்பையாவோ நேர்மாறாகச் சொன்னான். “பொய் சொல்லுதானுவ. என்னியக் கண்டதும் தலைதெறிக்க ஓடிட்டு.”

அண்ணாச்சி அவனை மேலும் கீழும் பார்த்தார். “ஏலே, இங்கன வா. கைய நீட்டு.” பிடித்து இழுத்து முழங்கையை முகர்ந்தார். பிறகு விறகுவெட்டி ஒருவனை முகர்ந்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த என்னையும் விடவில்லை. கடைசியில் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“மோசம் போனம்வே. அவளுக்கு மனுசனச் சொல்லிக் குடுக்கல. நல்லெண்ணெயில்லா சொல்லிக் குடுத்திருக்கோம்!”

காட்டுக்குப் போய்விட்டவளை மறுபடி பிடித்துப் பாடம் நடத்த முடியாது. மிளாவைத் திருத்த முடியாவிட்டால் மனித குலத்தைத் திருத்துவது என்று அண்ணாச்சி முடிவு செய்தார். மறுநாளிலிருந்து செண்பகாதேவிக்கு ஏறும் பாதையின் தொடக்கத்தில், எண்ணெய் டின்னோடு அவரும் சுப்பையாவும் உட்கார்ந்துவிட்டார்கள். பூசிக்கொள்ளாமல் ஒருவரும் மலையேற முடியாது.

“மரம் வெட்டப் போறோம் அண்ணாச்சி, மாப்பிள்ளை அழைப்புக்கா போறோம்?”

“பேசாம குனியிலே.”

மேலே கோயிலுக்குச் சாமி கும்பிடப் போனவர்கள் இதை ஏதோ பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ரேஞ்சரின் காக்கிச் சட்டை அந்த வருஷம் முழுக்க பொரித்த அப்பளம் வைத்த காகிதம் மாதிரி இருந்தது. அந்தப் பாதையில் கீழே இறங்குகிறவர்களை வழுக்கிக்கொண்டு வருவதை வைத்தே அடையாளம் சொல்லலாம்.

அப்போதுதான் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து அந்த ஆள் வந்தார். பெரிய மீசை, தோளில் துப்பாக்கி, காட்டுப்பன்றிக்கு என்று ஒரு பேச்சு. அண்ணாச்சி டின்னைத் தூக்கிக்கொண்டு எதிரே போனார். குரல் தேனாக வந்தது.

“பெரிய ஏத்தமாக்கும். மூட்டுப் பிடிச்சுக்கும். ஒரு கை தேச்சு விடச் சொல்லுதேன், காசு வேண்டாம்.”

சுப்பையா தன் தொழில் வாழ்க்கையிலேயே அப்படித் தேய்த்ததில்லை. அந்த ஆள் சொக்கிப்போய் எழுந்து மலையேறினார். அண்ணாச்சி அன்று முழுவதும் டீ குடிக்கவில்லை, மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் தாழ அந்த ஆள் வெறுங்கையோடு இறங்கி வந்தார்.

“எந்தா அண்ணாச்சி! ஒரு மிளா நல்லா பக்கத்துல நின்னுது. காத்து திரும்பிச்சு, மூக்கைத் தூக்கிச்சு, ஒரே ஓட்டம். துப்பாக்கிய எடுத்தா அதும் கையில நிக்கலே, வழுக்கிப்போச்சு!”

டீக்கடையில் அன்று எல்லாருக்கும் அண்ணாச்சி கணக்கில் வடை.

இவ்வளவுக்கும் அண்ணாச்சி மட்டும் அந்தப் பாதையில் ஒரு அடி ஏறவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“நான் போனா அவ பக்கத்துல வருவாவே. அதான் போவல” என்றார்.

மறுவருஷம் கிழட்டு மிளா செத்தது. கூண்டுகளைப் பிரித்துவிட்டு, ஆய்க்குடியில் தங்கச்சி வீட்டோடு போய்விடுவதாகச் சொன்னார். போவதற்கு முதல்நாள் காலை, மலைப்பாதையில் சுப்பையாவின் முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

“எனக்கும் தேயிலே. காது மடல விட்டுராத.”

சுப்பையாவின் கை நின்றுவிட்டது. “ஒமக்கு எதுக்கு அண்ணாச்சி? ஒரு தடவ பக்கத்துல வந்து மோந்துட்டுப் போவட்டுமே.”

“வந்தா, மனுசன்ல நல்லவனும் உண்டுன்னு நெனச்சிருவா. தேயி.”

நானும் பூசிக்கொண்டு கூடவே ஏறினேன். செண்பகாதேவிக்கு மேலே, ஈத்தை மூங்கில் அடர்ந்த ஒரு சரிவில் அவள் நின்றாள். ஈரத்தில் கறுத்த உடம்பு. வயிற்றுக்குக் கீழே, பால் குடித்துக்கொண்டிருந்தது ஒரு குட்டி. அண்ணாச்சியின் உதடுகள் அவள் பெயரைச் சொல்லக் குவிந்து, சொல்லாமல் மூடிக்கொண்டன. எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வந்தது. ராசாத்தி தலையைத் தூக்கினாள். அவரை நேராகப் பார்த்தாள். முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டி, மலையே அதிர ஒரு குரல் கொடுத்தாள். அடுத்த கணம் தாயும் இல்லை, குட்டியும் இல்லை. மூங்கில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“பாத்தீராவே?” அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார். “என்னா ஓட்டம் ஓடுதா! என்னியப் பாத்துவே! என்னியப் பாத்து!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கன்னத்தில் வழிந்தது எண்ணெய்தான் என்று, கேட்கிறவர்களிடமெல்லாம் இன்றுவரை நான் சொல்லி வருகிறேன்.