உறைந்த எண்ணெயும் மாமாவின் சளியும்

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, இருந்த மூளையெல்லாம் தலைமுடியில்தான் இருந்தது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இத்தனை வருடமாயிற்று.

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. (ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது.) அங்கே ஒரு மைக்ரஸ்கோப் இருந்தது. அதில் கிருமி பார்க்க வேண்டுமென்றால், சளி தடவிய கண்ணாடித் தகட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் நிற்க வேண்டும். அதற்கென்றே ஒரு குட்டிப் போத்தல். திறந்தால் சந்தனம் மாதிரி வாசம். கோயில் திருவிழாவன்று முழுவதையும் தலையில் தேய்த்துக்கொண்டேன். அது பிசினாக இறுகி, முடி, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கூரைத் தகரம்போல நின்றது. காலிப் போத்தலில் தேங்காயெண்ணெய் ஊற்றி வைத்தேன். எண்ணெய்க்கு எண்ணெய், யாருக்குத் தெரியப்போகிறது?

மாதம் ஒருமுறை வருகிற யாழ்ப்பாணத்து டாக்டர் வந்தார். அன்று பார்க்க வேண்டியது எங்கள் செல்லையா மாமாவின் சளி. மூன்று மாத இருமல், கடைசியில் ரத்தம். கிருமி தெரிந்தால் அன்றைக்கே காச ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் கொண்டுபோவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

"மாப்ள, என் சளிக்கு வந்த மவுசப் பாத்தியா? காரு காத்துக்கிட்டு நிக்குது," என்றார் மாமா, வாசலில் குந்தியபடி.

"சத்தம் போடாதீங்க மாமா. கிருமி வெக்கப்பட்டு ஒளிஞ்சிக்கப் போவுது."

குளிரில் தேங்காயெண்ணெய் கட்டியாகிவிடும். அதனால் போத்தலை மடியில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தேன். டாக்டர் ஒரு சொட்டு விட்டு, லென்ஸை இறக்கி, கண்ணை வைத்தார்.

"வெளிச்சம் காணாது. கண்ணாடியைத் திருப்பு."

அடியிலிருந்த வட்டக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

"இன்னும் மங்குது. யன்னலை நல்லாத் திற."

திறந்தேன். வெளிச்சத்தோடு பனிக்காற்றும் வந்தது. சொட்டு வெள்ளையாக உறைந்தது. அடுத்த ஜன்னலையும் திறக்கச் சொன்னார். வெளிச்சம் கூடக் கூட எண்ணெய் இறுகியது. ஏனென்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும். ஜன்னலை மட்டும் திறந்தேன்.

"இந்தப் பனிப் புகாருக்க ஒண்டும் தெரியேல்லை. அடுத்த மாசம் பாப்பம்."

அவர் திரும்பியதும் தகட்டைத் துடைத்தேன். கார் போனது.

"கிருமி இல்லடா! இருந்தா கண்ணுல படாமலா போகும்?" என்றார் மாமா. மறுநாள் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அவர்தான் முதல் ஆள். வீட்டில் ஒரே காம்பரா. அதற்குள் அவர், அத்தை, அவர்களுடைய இரண்டு வயது மகள் ராஜி. சுவருக்கு இந்தப் பக்கம் நான். ஒரு மாதம் முழுக்க அந்த இருமலைக் கேட்டேன்.

அடுத்த தடவை டாக்டர் தன் பையிலிருந்த எண்ணெயை விட்டார். ஒரே நிமிஷம். "சிவப்புக் குச்சியள். கனக்க," என்றார். அதுதான் கிருமி, ஏராளம். மாமா காரில் ஏறினார். கொஞ்ச நாளில் ராஜியையும் அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளைக்கு முன்பே தொற்றியதா, அந்த ஒரு மாதத்திலா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

மாமா ஒரு வருடத்தில் குணமாகி வந்தார். ராஜி இரண்டு வருடம் சிங்கள நர்ஸ்மாரிடம் வளர்ந்த பிறகுதான் வீடு திரும்பினாள். அத்தை ஓடிப்போய்த் தூக்கினாள். பிள்ளை மிரண்டு, நர்ஸைக் கூப்பிடுவதுபோல, "மிஸி, வத்துர தென்ன" என்று சிங்களத்தில் தண்ணீர் கேட்டது. லயமே சிரித்தது. அத்தையும் சிரித்தாள்.

இப்போதும் விருந்தாளி வந்தால், "அம்மாவ என்னான்னு கூப்ட்ட, சொல்லு," என்று ராஜியைக் கிண்டுவார்கள். அவள் சொல்வாள். அத்தைக்கு அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதாவது வேலை வந்துவிடும். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் ஏனென்று கேட்பார்கள்.